கடல் சரியான பிறகும்

எங்கள் வீட்டில் யாரையும் எடுத்த எடுப்பில் நம்புகிற வழக்கம் கிடையாது. இதற்கு நாங்கள் பொறுப்பில்லை, எங்கள் கழனி இருக்கிற இடம்தான் பொறுப்பு. உத்திரமேரூர் ஏரி மதகிலிருந்து கிளம்புகிற வாய்க்கால் ஊரார் கழனிக்கெல்லாம் பாய்ந்து, எல்லாரும் போதும் போதும் என்ற பிறகு கடைசியாக எங்களுக்கு வரும். கடைமடை. கடைமடையில் பிறந்தவனுக்குத் தண்ணீர் குறைந்தால் வானத்தைப் பார்க்கத் தோன்றாது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் ஓரமாகவே மேலே நடப்பான், எவன் கரையை வெட்டித் தன் பக்கம் திருப்பியிருக்கிறான் என்று பார்க்க. என் நைனா அப்படி நடந்து நடந்தே வயதானவர். நானும் அவர் பின்னால் நடந்து வளர்ந்தவள்தான்.

அதோடு நான் பார்க்கிற வேலையும் சேர்ந்துகொண்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு இ-சேவை மையத்தில் வேலை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்று காலையிலிருந்து ஜனம் வந்துகொண்டே இருக்கும். கூட்டம் தாங்காவிட்டால் "சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க" என்போம். பாதி நாள் நிஜமாகவே சர்வர் இருக்காது. மீதிப் பாதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் ஒருத்தர் "நெட் இல்லை" என்றால் அதில் நெட் எவ்வளவு, சோம்பல் எவ்வளவு என்று குரலை வைத்தே பிரித்துவிடுவேன். அப்படிப்பட்ட என்னிடம் வந்து ஒருத்தர், கடலுக்கு அடியில் கேபிள் அறுந்துவிட்டது, அதனால்தான் என் முகம் உனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்?

சொன்னவர் எனக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை.

அவர் மாகறல்காரர். செங்கடல் ஓரத்தில் ஒரு ஊரில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். லீவில் வந்திருந்தபோது ஆவணியில் தாம்பூலம் மாற்றிக்கொண்டோம். தையில் கல்யாணம், அதற்கு மறுபடி வருகிறேன் என்று திரும்பிப் போய்விட்டார். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். "மாதிரி" என்கிற அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் விடமாட்டோம்.

விடாததற்கும் காரணம் உண்டு. இதற்கு முன்னால் எனக்கு ஒரு நிச்சயம் நடந்து முறிந்திருந்தது. அந்த ஆளுக்குப் பெங்களூரில் வேலை என்றார்கள். வேலை இருந்தது, கூடவே ஒரு குடித்தனமும் இருந்தது. அப்போது நைனா சொந்தக்காரர்களை மட்டும் விசாரித்துவிட்டு வந்திருந்தார். சொந்தக்காரன் எவன் உள்ளதைச் சொல்வான்? ஒரு நிச்சயம் முறிந்தால் ஊர் மாப்பிள்ளையைத் திட்டும். இரண்டாவதும் முறிந்தால் பெண்ணைத்தான் திட்டும். எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இது முறிந்தால் இனி வாசலுக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள். இதுவும் பொய்யாக இருந்து, தெரியாமல் கழுத்தை நீட்டிவிட்டாலோ, அது முறிவதைவிடக் கேவலம். இரண்டுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

தினமும் சாயங்காலம் வீடியோ காலில் பேசுவோம். பெரிதாக ஒன்றும் இருக்காது. நாஷ்டாவுக்கு என்ன, வெயில் எப்படி, இன்றைக்கு யார் வீட்டு ஏசி என்று போகும். எனக்குப் பேச்சைவிட முகம் முக்கியம். ஒருத்தர் சொல்கிறதை வாயைப் பார்த்து நம்பக்கூடாது, கண்ணைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவள் நான். ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் கட்டம் கட்டமாகிப் பாதி வாய் திறந்தபடி நின்றுவிட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்து வீடியோ வருவதே நின்றுபோனது. எழுதி அனுப்புவதும் முன்னதும் பின்னதுமாக வந்தது. "சாப்பிட்டாச்சா" என்பதற்கு முன்னால் "சரி தூங்குங்க" வந்து நின்றது. கடலில் கேபிள் அறுந்துவிட்டதாம், சரியாகச் சில வாரம் ஆகுமாம் என்று எழுதியிருந்தார்.

நைனாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"கடலுக்குள்ள ஒயரா? நம்ம போர்ல எறக்கன மோட்டாரு ஒயரே ஜாயிண்ட்ல தண்ணி பூந்து வருசத்துக்கு ஒருக்கா பேஜாரு குடுக்குது. சமுத்திரத்துல ஒயரு போட்டு வெச்சிகீறாங்களாமா? எவன் காதுல பூ சுத்தறான்?"

எனக்கும் அதே நினைப்புதான். இருந்தாலும் வாய்க்கால் முறைப்படி, முதலில் நம் வரப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் தெருவுக்கு இணைப்பு கொடுத்திருந்த கேபிள்காரரைப் போய்க் கேட்டேன். அவர் ஜென்மத்தில் ஒரே பதில்தான் வைத்திருந்தார். மழை பெய்தாலும், அவர் கல்யாணத்துக்குப் போயிருந்தாலும், "ஜேசிபிகாரன் ரோடு நோண்டறப்ப வெட்டிட்டான்" என்பார். உத்திரமேரூரில் ஓடுகிற ஜேசிபியெல்லாம் இவர் கேபிளை வெட்டத்தான் வாங்கியது போல. அன்றைக்கு என்னைப் பார்த்ததும், இந்தத் தடவை ஜேசிபி இல்லை, நிஜமாகவே கடலில்தான் கட் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவர் சத்தியம் செய்ததும் எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

அதற்கு மேல் ஆதாரம் வேறு சேர்ந்துகொண்டே போனது. என் போனில் சீரியல் தங்கு தடையில்லாமல் ஓடியது. சினிமாப் பாட்டு ஓடியது. சமையல் வீடியோவில் எண்ணெய் கொதிக்கிற குமிழிகூடத் தெரிந்தது. எதிர் வீட்டுப் பையன் சிங்கப்பூரிலிருந்து பேசினால் அவன் அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள், முகம் பளிச்சென்று தெரிகிறதாம். உலகத்தில் எல்லாம் தெரியும், இவர் ஒருத்தர் மூஞ்சி மட்டும் தெரியாதா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா என்று எனக்குள் பொருமினேன்.

ஆனால் பொருமிக்கொண்டே உட்கார்ந்திருக்க எனக்கு வராது. மையத்தில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துத் தேடிப் படித்தேன். படித்தபோது உண்மையில் கொஞ்சம் ஆடிப்போனேன். நான் இத்தனை வருடமாக இந்த நெட்டெல்லாம் வானத்திலிருந்து, சேட்டிலைட்டிலிருந்து இறங்குகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். கிட்டத்தட்ட எல்லாமே கடலுக்கு அடியில் கிடக்கிற கேபிளில்தான் போகிறது. ஆழ்கடலில் அது நம் தோட்டத்து ரப்பர் குழாய் அளவுதான் தடிமன், அதற்குள் தலைமுடி போலக் கண்ணாடி இழைகள். எல்லாம் சுறாவும் திமிங்கலமும் கடிக்கிறது என்று நினைத்தால் அதுவும் இல்லை. பெரும்பாலும் கப்பல்காரன் நங்கூரத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு போய் அறுத்துவிடுகிறான். ஆக, கடலிலும் ஜேசிபிகாரன் இருக்கிறான்.

சிங்கப்பூர் கதையும் விளங்கியது. சென்னைக் கடற்கரையில் இறங்குகிற கேபிள்கள் பெரும்பாலும் கிழக்கே போகிறவை. மேற்கே அரபு நாட்டுப் பக்கம் போகிறதெல்லாம் பெரும்பாலும் பம்பாய்க் கரையிலிருந்து கிளம்புகிறது. அந்தப் பக்கம் அறுந்தால் கிழக்கே ஒன்றும் ஆகாது. சீரியலும் பாட்டும் எல்லாரும் பார்க்கிறதால் அதையெல்லாம் இங்கேயே பக்கத்தில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்கிறார்களாம், கடல் தாண்ட வேண்டியதே இல்லை. இவர் முகத்தை யாரும் நகல் எடுத்து வைக்கவில்லை. அது ஒவ்வொரு தடவையும் கடல் தாண்டித்தான் வரவேண்டும். அறுந்த கேபிளை எடுக்க ஒரு கப்பல் போய், கொக்கி போட்டு மேலே தூக்கி, இழையோடு இழை ஒட்டி, மறுபடி இறக்க வேண்டுமாம். இதைச் சொன்னதும் நைனாவுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது, போரிலிருந்து மோட்டாரைப் பைப்போடு வெளியே தூக்குகிற மாதிரிதானே என்றார். ஏரிக்குக் கிழக்கு மதகு, மேற்கு மதகு என்று இருக்கிறதில்லையா, மேற்கு மதகு அடைத்துக்கொண்டால் கிழக்கே பாய்கிறவனுக்குத் தெரியப்போகிறதா என்றும் அவரே சொல்லிக்கொண்டார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அது நைனாவின் வாயிலிருந்து அடுத்த வார்த்தை வரும்வரைக்கும்தான்.

"ஒயரு அறுந்தது நெஜமாவே இருக்கட்டும். அதுக்காக ஆளு நெஜம்னு ஆயிடுமா?"

மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு மாகறலுக்குக் கிளம்பிவிட்டார். முதல் நிச்சயம் முறிந்ததிலிருந்து அவர் வைத்துக்கொண்ட முறை இது. சம்பந்தி வீட்டுக்குள் போகக் கூடாது. அந்தத் தெரு முனை டீக்கடை, முடி வெட்டுகிற கடை, உரக்கடை என்று மூன்று இடத்தில் உட்கார்ந்து மூன்றே கேள்வி கேட்க வேண்டும். குடிப்பானா, சீட்டாடுவானா, வேறு பேச்சு ஏதாவது உண்டா. எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். ஆனால் நிச்சயத்துக்கு முன்னால் செய்வார்கள். நைனா முன்னாலும் செய்தார், இப்போது பின்னாலும் போய்ச் செய்தார். சாயங்காலம் திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. ஒருத்தனும் கெட்டதாகச் சொல்லவில்லையாம். அதிலும் அவருக்குக் குறைதான். ஒரு குறையுமே இல்லாமல் ஒரு மனுஷன் எப்படி இருப்பான் என்றார்.

கொஞ்ச நாள் கழித்து மாப்பிள்ளையிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. அதுவரை எழுதிக்கொண்டிருந்தவர் அன்றைக்கு என்ன நினைத்தாரோ, வேலை அதிகம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பேசி அனுப்பியிருந்தார். அவர் நாக்கு குழறியது. வார்த்தை வார்த்தையாக நிற்கவில்லை, காற்று கலந்து வழிந்தது. கேபிள் அறுந்தால் குரல் விட்டு விட்டு வரும், நின்று நின்று வரும். குழறாது. குழறுகிற குரல் எதனால் வரும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். டாஸ்மாக் வாசலில் சாயங்காலம் கேட்கிற குரல்தான் அது.

அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நைனாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடும் என்று பயம். எழுத்தில் மாப்பிள்ளையிடம், குரல் ஒரு மாதிரி இருந்ததே என்று மட்டும் கேட்டேன். சளி என்றார். அதற்குப் பிறகு குரல் பதிவும் நின்றுவிட்டது.

எனக்கு அப்போது ஒரே துணை எங்கள் தெருவிலேயே இருந்த ஒரு அக்காதான். அந்த அக்காவின் வீட்டுக்காரர் மாப்பிள்ளை இருக்கிற அதே ஊரில் டிரைவர். கேபிள் அறுந்த நாளிலிருந்து அவர்களுக்கும் முகம் தெரியவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பார்த்துக்கொள்ளும்போது, இன்றைக்கு வந்ததா, இல்லையே என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்வோம். அந்த "இல்லையே" எனக்குப் பெரிய ஆறுதல். அவளுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை, அப்படியென்றால் அது கடல்தான், ஆள் இல்லை.

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்தது. மார்கழி வருவதற்குள் பத்திரிகை அடித்துவிட வேண்டும் என்று அம்மா நச்சரிக்க ஆரம்பித்தாள். மார்கழியில் நல்ல காரியம் எதையும் எடுத்து வைக்க முடியாது, தையில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அப்புறம் எப்போது ஊர் ஊராகப் போய் வைப்பது? ஒரு தடவை மஞ்சள் தடவிய பத்திரிகை நாலு வீட்டுக்குப் போய்விட்டால் அதற்குப் பிறகு திரும்ப முடியாது. அந்தச் சமயத்தில்தான் குழாயடியில் அந்த அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"போன வாரத்துலேருந்து மொகம் சோக்கா தெரியுது. ஒனக்கும் தெரியுமே? எங்க வூட்டாளு இளைச்சிப் போயிகீறாரு, பாத்ததும் அழுவாச்சி வந்துட்ச்சி."

குடம் நிரம்பி வழிந்தது, நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அவருக்கு எழுதினேன், கடல் கேபிள் சரியாகிவிட்டதா என்று. பதில் உடனே வந்தது, அந்த வேகமே காட்டிக்கொடுத்தது. இன்னும் இல்லைங்க, கப்பல் வர லேட்டாகுமாம் என்று எழுதியிருந்தார்.

கடைமடையில் ஒரு கணக்கு உண்டு. யாருக்குமே தண்ணீர் வரவில்லை என்றால் ஏரியில் கோளாறு. பக்கத்துக் கழனிக்கு வந்து நமக்கு வரவில்லை என்றால் அடைப்பு நம் வாய்க்காலில். இதற்கு மேல் எனக்கு எதுவும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நைனாவையும் அம்மாவையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். குரல் பதிவையும் போட்டுக் காட்டினேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நைனா கண்ணை மூடிக் கேட்டார். அவருக்குக் கோபம் வந்தால் கத்துவார், அன்றைக்குக் கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நாளைக்கே தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். அம்மா அழ ஆரம்பித்தாள். ரெண்டாந் தடவைங்க, ஊரு இன்னா பேசும் என்று அழுதாள். பேசினால் பேசட்டும், குடிகாரனுக்குக் கொடுத்துவிட்டு வாழ்நாள் பூரா அழுவதற்கு இப்போதே அழுதுவிடு என்றார் நைனா.

எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அழுகையோடு கோபமும் வந்தது. என்னிடம் பொய் சொன்னதுகூட இல்லை, அந்தப் பொய்க்கு ஒரு கடலையே இழுத்து விட்டாரே என்றுதான் கோபம். அதை அவர் முகத்தைப் பார்த்துக் கேட்காமல் விட்டால் எனக்கு ஆறாது. நைனாவிடம் வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். வாய்க்கால் ஓரமாக மேலே நான் நடந்துவிட்டு வருகிறேன் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அங்கே லீவு. லீவு நாளில் இவர் காலையில் தூங்கி எழுந்து முதலில் அம்மாவுக்குத்தான் போன் செய்வார் என்று நிச்சயமான புதிதில் அவரே சொல்லியிருக்கிறார். நமக்கு அது மத்தியானம். மையத்தின் கதவில் "சர்வர் இல்லை" அட்டையை மாட்டிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். அன்றைக்கு சர்வர் நன்றாகத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் பெண் தனியாக மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நிற்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. மாகறலில் என்னைப் பார்த்ததும் அவர் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா இல்லாத வீடு அது, எனக்கு அத்தையாகப் போகிற அவர் ஒருத்தர்தான். வாம்மா வாம்மா என்று வாய் சொன்னாலும் கண் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தது. இந்தப் பக்கம் ஒரு சிநேகிதி வீட்டுக்கு வந்தேன், அப்படியே உங்களையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். நம்பவில்லை. நானும் நம்பும்படி சொல்லவில்லை.

காபி கொடுத்தார். மழை, நடவு, பூச்சி மருந்து விலை என்று பேசினோம். அலமாரி மேல் சார்ஜில் கிடந்த போனை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன், அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் ஆக ஆக அத்தைக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரமாவுதே, வூட்ல தேடுவாங்களே என்றார். தேடமாட்டார்கள் என்றேன். மழை வரும் போலக் கீதே என்றார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. வீடியோ கால் அடிக்கிற சத்தம் வேறு, அது எனக்கு நன்றாகத் தெரியும். அத்தை எழுந்திருக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எடுங்க அத்தே."

"அது இன்னாமோ ராங் நம்பரு மா. கடல்ல ஒயரு அறுந்து போயிதான் கீதே..."

"கடல் சரியாயிட்ச்சி அத்தே," என்றேன்.

அத்தை என்னையே பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் போனை எடுத்து, தன் முகத்துக்கு நேரே வைக்காமல் என் பக்கம் திருப்பிவிட்டார்.

கண்ணாடியில் பார்க்கிற மாதிரி தெரிந்தது. தலை கலைந்து, பனியனோடு, அம்மாவைப் பார்க்கப் போகிறோம் என்று வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். மேல் வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை. உதட்டில் தையல் போட்ட தழும்பு ஒன்று கறுப்பாக நின்றது. என்னைப் பார்த்த மறுகணம் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்கு மேலே கண் இரண்டும் தெரிந்தன. நான் இத்தனை நாள் பார்க்க வேண்டும் என்று தவித்த கண்கள். திருட்டு முழி இல்லை அது, பயந்துபோன குழந்தையின் முழி.

அத்தைதான் பேசினார். ஏசி மாட்டும்போது ஏணி ஒடிந்து சுவரில் வாய் மோதி விழுந்துவிட்டானாம். ஈறு ஆறிய பிறகுதான் பல் கட்ட முடியும், கல்யாணத்துக்கு வரும்போது காஞ்சிபுரத்தில் கட்டிக்கொள்ளலாம், அதுவரைக்கும் பெண் வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று தான்தான் சொன்னதாகச் சொன்னார். நான் ஏன் என்று கேட்டேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள், நீங்கள் பல் உடைந்ததற்கா பயந்தீர்கள் என்றேன். அவருக்கு அதற்குள் கண்ணில் நீர் கோத்துவிட்டது.

"பயப்படாம இன்னா பண்றது? ஒங்க நைனா வந்து எங்க ஊரு டீக்கடைல குந்திகினு, பையன் குடிப்பானான்னு கேட்டுட்டுப் போறாரு. நிச்சயம் ஆன பெறவு. ஊரே எங்கிட்ட வந்து சொல்லுது. அடுத்த வாரம் இவன் பல்லு ஒடச்சிகினு நிக்கறான். ஏணிலேருந்து வுழுந்தேன்னு சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா? குடிச்சிட்டு எங்கியோ அடி வாங்கிகினு வந்துட்டான்னு சொல்லியிருக்கமாட்டீங்க?"

சொல்லியிருப்போம். சந்தேகமே இல்லை, அதைத்தான் சொல்லியிருப்போம். பல்லில்லாத வாயில் வந்த குரலை வைத்தே அவரைக் குடிகாரன் ஆக்கி, நாளைக்குத் தாம்பூலத்தைத் திருப்பத் தயாராக இருந்தோமே.

போனை வாங்கினேன். கையை எடுங்க என்றேன். எடுத்தார். பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. ஆனால் பிறவிக் குணம் போகுமா? என் வாய் என்னைக் கேட்காமலே கேட்டுவிட்டது.

"அந்த ஏணி எங்க கீது?"

அத்தை "ஐயோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். படம் ஆடியது. ஒரு வராண்டா, துணி காயப் போட்ட கொடி, ஒரு தகரக் கதவு. கதவைத் திறந்து உள்ளே பழைய ஏசிப் பெட்டிகளுக்கு நடுவில் சாத்தி வைத்திருந்த ஒரு அலுமினிய ஏணியைக் காட்டினார். மேலிருந்து இரண்டாவது படி ஒரு பக்கம் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை விரலால் ஆட்டியும் காட்டினார்.

"கம்பெனில அப்பவே தூக்கிப் போடச் சொன்னாங்க," என்றார். காற்று கலந்த அதே குரல், வார்த்தை வழிந்தது. "நான்தான் வேணாம்னு உள்ள எடுத்து வெச்சேன். என்னிக்காவது ஒரு நாள் நீங்க கேப்பீங்கன்னு தெரியும்."

அவ்வளவு தூரத்தில், கடலுக்கு அந்தப் பக்கம், ஒரு மனிதர் என்னை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டு ஒரு உடைந்த ஏணியைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். பெற்றவர்களைத் தவிர அப்படி என்னை யாரும் புரிந்துகொண்டதில்லை. நான் அத்தையின் முந்தானையை இழுத்து முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அங்கே அவர் பதறிப்போய், படம் நின்றுபோச்சா, கேக்குதா, கேக்குதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா உடனே சாமி படத்துக்கு விளக்கேற்றப் போய்விட்டாள். நைனா தாடையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஏணியைக் கண்ணால் பார்த்தாயா என்றார். பார்த்தேன் என்றேன். படி ஒடிந்திருந்ததா என்றார். ஒடிந்திருந்தது என்றேன். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, பத்திரிகை அடிக்கிற அச்சகம் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும் என்று கேட்டார்.

தை மாதம் மாப்பிள்ளை வந்து இறங்கினார். காஞ்சிபுரத்தில் பல் கட்டிக்கொண்டு, சிரித்தால் பழைய மாதிரியே இருந்தார். முறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர், நைனாவுக்கு என்று எடுத்து வந்திருந்த சட்டைத் துணிக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். பிரித்தால் அந்த ஏணிப் படி. ஏணியிலிருந்து கழற்றி, பெட்டியில் போட்டு, கடல் தாண்டி எடுத்து வந்திருக்கிறார்.

நைனா அதை வாங்கினார். வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிய்ந்த முனையை விரலால் தேய்த்துப் பார்த்தார். கடைசியில் அதை மாப்பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்து, "ஏணி சரியில்ல மாப்ள" என்றார்.

எங்கள் வீட்டில் ஒருத்தரை நம்பிவிட்டோம் என்று சொல்வது அப்படித்தான்.